பிறந்த குட்டியின் முதல் இரண்டு மணி நேரம்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர், ராஜகிரி மலையடிவாரத்தில் கல்யாண மகாலுக்கு அருகே வரிசையாக அமைந்த அறைகளைப் பார்க்கலாம். அவை அந்நாளைய குதிரை லாயங்கள் என்று காட்டப்படுகின்றன. 1714-ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட தேஜ் சிங்கைத்தான் நம் மக்கள் ராஜா தேசிங்கு என்று கதைப்பாட்டில் பாடி வருகிறார்கள். அக்கதையில் அரசனுக்கு அடுத்த இடம் அவனுடைய குதிரைக்கே உண்டு. 2025 ஜூலை மாதம் இக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

லாயங்களில் இன்று குதிரை இல்லை. கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கறவை மாடுகளும், வெள்ளாடுகளும், செம்மறியாடுகளுமே உழவர் வீட்டுச் செல்வம். செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் ஆடு விற்ற பணம்தான் பல குடும்பங்களில் விதைக்கும் உரத்துக்கும் கை கொடுக்கிறது. ஆயினும், அந்த லாயத்துக் குதிரையின் இனம் இன்றைய மாட்டுக் கொட்டகைக்கு ஒரு நல்ல பாடத்தைச் சொல்லித் தருகிறது. பிறந்த சில மணி நேரத்தில் ஒரு குட்டி பிழைப்பதும் மடிவதும் எதனால் என்ற கேள்விக்கு, குதிரைக் குட்டிகளின் இரத்தத்தைச் சோதித்துக் கால்நடை மருத்துவர்கள் பல விடைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பொருந்தும்.

ஒன்பது மாதம் தீனி போட்டு, சினை மாட்டைக் கண்போலக் காத்து, கன்று பிறந்த இரண்டாம் நாளே அது இறந்துபோனால் விவசாயிக்கு இழப்பு ஒன்றல்ல. கன்று போகிறது. கன்றில்லாத பசு பல நேரங்களில் பாலை அடக்கிக்கொள்கிறது. பிறந்தது கிடேரியாக இருந்தால் நாளைய கறவை மாடும் போகிறது. ஆகவே முதல் நாளில் கன்றின் உடலுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது சிறு விவசாயிக்கு மிகவும் பயனுள்ளது.

குதிரைக் குட்டியை ஆராய்ந்தது ஏன்?

குதிரை பதினொரு மாதம் சினை சுமக்கும் பிராணி. பொதுவாக 340 நாட்கள் வரை ஆகும். ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. பந்தயக் குதிரையின் குட்டி பெரும் விலை பெறும். எனவே ஒரு குட்டியும் வீணாகக் கூடாது என்று இங்கிலாந்தின் நியூமார்க்கெட் போன்ற குதிரைப் பண்ணை ஊர்களிலும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கால்நடை மருத்துவமனைகளிலும் பிறந்த குட்டிகளுக்கென்றே தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஏற்பட்டன. அங்கே நலமான குட்டியின் இரத்தத்தையும் உயிருக்குப் போராடும் குட்டியின் இரத்தத்தையும் மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது.

நம் நாட்டில் குதிரைக் குட்டி வளர்ப்பது எளிதாக இருந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் கடல் வழியாக ஏராளமான குதிரைகளை வாங்கியதையும், சரியான பராமரிப்பு இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதியிருக்கிறார். நல்ல குதிரைக்கு நல்ல குதிரையைச் சேர்த்தாலும் இங்கே பிறக்கும் குட்டி நலிந்ததாகவே இருந்தது என்பதும் அவர் குறிப்பு. பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்ப்பதற்கென்றே 1824-இல் ஓசூரில் ஒரு பண்ணையைத் தொடங்கிற்று. அது இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக விளங்குகிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசாமி கோயில் திருவிழாவின்போது குதிரைச் சந்தை இன்றும் கூடுகிறது.

ஹார்மோன் என்பது என்ன?

உடலிலுள்ள சில சுரப்பிகள் மிகச் சிறிய அளவில் சில பொருள்களைச் சுரந்து நேராக இரத்தத்தில் கலக்கின்றன. இவையே ஹார்மோன்கள். வாய்க்கால் நீரைத் திறந்துவிடும் மடையாள் எப்படி எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நிர்ணயிக்கிறானோ, அப்படியே ஹார்மோன்கள் உடலின் எந்த உறுப்பு எப்போது, எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்று கட்டளையிடுகின்றன.

பிறக்கும் குட்டிக்கு இவற்றுள் முக்கியமானது கார்டிசால். இரு சிறுநீரகங்களின் அருகிலும் சிறு கட்டிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் இதைத் தருகின்றன. அட்ரினல் தானாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற மற்றொரு ஹார்மோனை அனுப்பி, “கார்டிசாலைச் சுர” என்று அதைத் தூண்டவேண்டும். மேலே இருப்பவர் உத்தரவு போட, கீழே இருப்பவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கருப்பையில் இருக்கும்வரை குட்டிக்கு மூச்சு விடும் வேலை இல்லை. உணவு தேடும் வேலை இல்லை. குளிரும் இல்லை. எல்லாம் தாயின் இரத்தத்திலிருந்தே வந்துசேர்கிறது. பிறந்த அந்த நிமிடத்திலிருந்து எல்லாவற்றையும் அது தானே செய்துகொள்ளவேண்டும். இந்த மாற்றத்துக்குக் குட்டியைத் தயார் செய்வது கார்டிசால்தான். நீர் நிறைந்த நுரையீரலைக் காற்றுக்குப் பழக்குவது, கல்லீரலில் சர்க்கரையைச் சேமித்து வைப்பது, இரத்த அழுத்தத்தைக் காப்பது, குடலைப் பாலுக்குத் தயார் செய்வது ஆகிய அனைத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

பிறக்கும் நாளைக் குறிப்பது குட்டியே

கன்று எப்போது பிறக்கவேண்டும் என்பதைத் தாய்ப் பசுவே முடிவு செய்கிறது என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. நியூசிலாந்து நாட்டு டாக்டர் கிரஹாம் லிகின்ஸ் என்பவர் 1960-களில் செம்மறியாடுகளில் செய்த ஆராய்ச்சியில் இது தெளிவாயிற்று. கருவிலுள்ள குட்டியின் பிட்யூட்டரி சுரப்பி செயலற்றுப் போனால், நாள் கடந்தும் ஆடு ஈனுவதில்லை. அதே குட்டிக்கு ஏ.சி.டி.எச். அல்லது கார்டிசால் போன்ற மருந்தைச் செலுத்தினால், நாள் முந்தியே ஈற்று வலி தொடங்கிவிடுகிறது. குட்டி தன் கார்டிசாலை உயர்த்தும்போதுதான் தாயின் உடலுக்குச் சேதி போகிறது. அதன் பிறகே ஈற்று வலி எடுக்கிறது. பசுவிலும் இந்த முறையே நடக்கிறது.

அந்த ஆராய்ச்சியில் மற்றொன்றும் வெளிப்பட்டது. மிகவும் முன்னதாகப் பிறந்ததால் மூச்சே விட முடியாது என்று கருதப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி, மருந்தின் பயனாக மூச்சு விட்டது. அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. இதைத் தொடர்ந்து லிகின்ஸும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் குறைமாதத்தில் பிரசவிக்கவிருந்த பெண்களுக்கு இத்தகைய ஊசியைப் போட்டுப் பார்த்து, 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலைக் காக்க உலகமெங்கும் இன்று போடப்படும் ஊசிக்கு மூலம் ஓர் ஆட்டுக்குட்டிதான்.

குதிரையில் ஒரு வேறுபாடு உண்டு. ஆட்டுக்குட்டியில் கார்டிசால் பிறப்பதற்குப் பல நாட்கள் முன்பிருந்தே படிப்படியாக உயர்கிறது. குதிரைக் குட்டியிலோ கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான் விறுவிறுவென்று ஏறுகிறது. அதாவது குதிரைக் குட்டி கடைசி நேரத்தில் பழுக்கும் பழம். அதற்குச் சற்று முன்னே பறித்துவிட்டால், உருவம் ஓரளவு வளர்ந்திருந்தாலும் உள்ளே பக்குவம் வந்திராது. 320 நாட்களுக்கு முன் பிறக்கும் குதிரைக் குட்டியைக் குறைமாதக் குட்டி என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள்.

நலமான குட்டியின் இரத்தத்தில்

நாள் நிரம்பிப் பிறந்த, நலமான குட்டியின் இரத்தத்தில் பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கார்டிசால் உச்சத்தில் இருக்கும். பிறகு சிறிது சிறிதாக இறங்கி, சில நாட்களில் சாதாரண அளவுக்கு வந்துவிடும். பிறப்பு என்ற பெரும் பாடுக்கு ஈடு கொடுக்கவே இந்த ஏற்றம். வேலை முடிந்தபின் அது இறங்கிவிடுவதே ஆரோக்கியத்தின் அடையாளம்.

இரண்டாவது, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோன்கள். பிறந்த குதிரைக் குட்டியில் இவை வளர்ந்த குதிரையைப் போல் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகின்றன. உடலில் சூடு உண்டாக்குவதும், எலும்பும் நரம்பும் முதிர்வதும் இவற்றின் பொறுப்பு. நனைந்த உடம்போடு மண்ணில் விழும் குட்டி, அரை மணியில் தன் சூட்டைத் தானே தக்கவைத்துக்கொள்வது இவற்றின் துணையாலேயே.

மூன்றாவது, சினைக் காலத்து ஹார்மோன்களின் ஒரு கூட்டம். புரோஜெஸ்டிரோன் வகையைச் சேர்ந்த இவை கருவிலிருக்கும் குட்டியின் மூளையை அடக்கி, அதை உறக்கத்தில் வைத்திருக்கின்றன. வயிற்றுக்குள் குட்டி எழுந்து ஓடத் தொடங்கினால் தாய்க்கு ஆபத்தல்லவா? பிறந்தபின் இவை விரைவில் குறைந்து, குட்டி முழு விழிப்புப் பெறுகிறது.

நோயுற்ற குட்டியின் இரத்தத்தில்

உயிருக்குப் போராடும் குட்டிகளில் கணக்குத் தலைகீழாகிறது.

குறைமாதக் குட்டியில், பிட்யூட்டரி உத்தரவுக்கு மேல் உத்தரவு போடுகிறது. ஏ.சி.டி.எச். அதிகமாக இருக்கிறது. ஆனால் பக்குவப்படாத அட்ரினலால் அதற்கேற்ற அளவு கார்டிசாலைச் சுரக்க முடிவதில்லை. இதனால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து, உடல் குளிர்ந்து, குட்டி எழ முடியாமல் படுத்துவிடுகிறது.

நாள் நிரம்பிப் பிறந்த குட்டிக்கும் இந்நிலை வரலாம். தொப்புள் வழியாகவோ வாய் வழியாகவோ கிருமி புகுந்து இரத்தமெங்கும் பரவும் நோயைச் செப்டிசீமியா என்பார்கள். இந்நோய் கண்ட குட்டிகளில் சிலவற்றின் அட்ரினல் நன்கு போராடிக் கார்டிசாலைக் கொட்டுகிறது. வேறு சிலவற்றில் தூண்டும் ஹார்மோன் மிக உயர்ந்திருந்தும், கார்டிசால் நோயின் கடுமைக்கு ஏற்ப உயர்வதில்லை. இப்படி உத்தரவுக்கும் வேலைக்கும் இடையே பெரும் இடைவெளி காணப்பட்ட குட்டிகளே அதிகம் இறந்தன என்பது ஆராய்ச்சியில் தெரியவந்தது. தைராய்டு ஹார்மோன்களும் நோயுற்ற, குறைமாதக் குட்டிகளில் குறைந்தே இருக்கின்றன.

மற்றொரு வகைக் குட்டி உண்டு. பிறந்ததும் தாயை அடையாளம் காணாமல், பால் மடியைத் தேடாமல், சுவரை நக்கிக்கொண்டு மதி மயங்கியதுபோல் திரியும். இவற்றில் சிலவற்றின் இரத்தத்தில் கருவுறக்க ஹார்மோன்கள் குறையாமல் அப்படியே நின்றுவிட்டதை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிஸ் நகரக் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் கண்டார்கள். பிறப்பு வழியில் குட்டி நன்றாக அமுக்கப்படுவதே விழிப்புக்கான சைகை என்று அங்குள்ள டாக்டர் ஜான் மாடிகன் கருதினார். குட்டியின் மார்பைச் சுற்றி மெல்லிய கயிற்றால் சுருக்கிட்டுச் சுமார் 20 நிமிடம் அமுக்கிவைத்து விடுவிக்கும் முறையை அவர் வகுத்தார். கயிறு இறுகும்போது குட்டி உறங்கிவிடுகிறது. அவிழ்த்ததும் சில குட்டிகள் விழித்தெழுந்து மடியைத் தேடுகின்றன. விலா எலும்பு முறிந்த குட்டிக்கும், மூச்சுத் திணறும் குட்டிக்கும் இது ஆகாது. ஆகவே மருத்துவர் கையால் மட்டுமே செய்யத்தக்க முறை இது. விவசாயிகள் தாமாகக் கயிறு கட்டிப் பார்க்கக் கூடாது.

கொட்டகையில் சோதனைக் கூடம் இல்லையே?

கிராமத்தில் கன்று பிறக்கும் நடு இரவில் இரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்ப்பது நடக்கக்கூடியதல்ல. தேவையும் இல்லை. உள்ளே ஹார்மோன்கள் சரியாக இருந்தால் வெளியே குட்டி சில வேலைகளைக் குறித்த நேரத்தில் செய்துவிடும். கடிகாரமே விவசாயியின் சோதனைக் கருவி.

குதிரை வளர்ப்போர் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்து ஒரு மணிக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணிக்குள் பால் குடிக்க வேண்டும். மூன்று மணிக்குள் தாய் நஞ்சுக்கொடியைப் போட வேண்டும்.

பசுங்கன்றுக்கும் முதல் இரண்டு கணக்கும் அப்படியே பொருந்தும். ஒரு மணிக்குள் நிற்க முயன்று எழவேண்டும். இரண்டு மணிக்குள் சீம்பால் வயிற்றில் இறங்கவேண்டும். நஞ்சுக்கொடி மட்டும் பசுவுக்குச் சற்றுத் தாமதமாகும். எட்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். பன்னிரண்டு மணிக்கு மேலும் விழாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். ஆட்டுக்குட்டி இன்னும் சுறுசுறுப்பானது. அரை மணிக்குள் நின்று, ஒரு மணிக்குள் பால் குடித்துவிட வேண்டும்.

வேறு எளிய சோதனைகளும் உண்டு. சுத்தமான விரலைக் கன்றின் வாயில் வைத்தால், நலமான கன்று உடனே இழுத்துச் சப்பும். வாய் உட்புறம் கதகதப்பாக இருக்கும். வாய் குளிர்ந்து, சப்பும் உணர்ச்சி இல்லையென்றால் கன்று அபாயத்தில் இருக்கிறது என்று பொருள். ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆசன வாயில் வைத்துப் பார்க்கும்போது கன்றின் சூடு 101.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் அளவில் இருக்கும். 100-க்குக் கீழே இறங்கினால் கன்று குளிர்ந்துவிட்டது. 103-க்கு மேல் சென்றால் காய்ச்சல். செப்டிசீமியா கண்ட இளங்கன்றுக்குக் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே சூடு சரியாக இருக்கிறது என்று மட்டும் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. சோர்வும் பால் குடிக்க மறுப்பதுமே முதல் அறிகுறிகள்.

சீம்பாலைத் தள்ளிப்போட வேண்டாம்

குழந்தை பிறக்கும்போதே தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கை நஞ்சுக்கொடி வழியாகப் பெற்றுக்கொண்டு வருகிறது. பசு, எருமை, ஆடு, குதிரை ஆகியவற்றின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. அது எதிர்ப்புப் பொருள்களைக் கருவுக்குள் விடுவதில்லை. எனவே கன்று எந்தக் கவசமும் இன்றிப் பிறக்கிறது. அதற்குரிய கவசம் முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது.

இந்தக் கவசத்தைக் கன்றின் குடல் முழுதாக உள்வாங்குவது பிறந்த முதல் சில மணி நேரம் மட்டுமே. நேரம் ஆக ஆக இந்தக் கதவு மூடிக்கொண்டே வந்து, ஒரு நாள் முடிவதற்குள் ஏறக்குறைய அடைபட்டுவிடும். அதன்பின் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது உணவாகுமே தவிர, இரத்தத்தில் கவசமாகச் சேராது.

நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றைப் பால் குடிக்க விடவேண்டும் என்ற வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இது பெருங்கேடு. நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரம் ஆனால், கன்றின் கதவு அதற்குள் பாதிக்கு மேல் மூடிவிடுகிறது. உண்மையில் கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் பிட்யூட்டரியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதுவே பாலை இறக்குகிறது. அதுவே கருப்பையையும் சுருங்கச் செய்கிறது. ஆகவே கன்று குடிப்பது நஞ்சுக்கொடி விழுவதற்கு உதவுமே அன்றி இடைஞ்சல் செய்யாது.

அளவு என்ன? கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளில் கிடைக்க வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டரை லிட்டர். அதில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை முதல் இரண்டு மணிக்குள் போய்விடவேண்டும். ஆட்டுக்குட்டிக்கு ஒரு கிலோ எடைக்கு 50 மில்லி வீதம் முதல் வேளையும், நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 200 மில்லியும் கணக்கு. இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் வேளை 100 மில்லி. இரட்டைக் குட்டி போட்ட ஆட்டில் வலுவான குட்டி குடித்துவிட்டு, மெலிந்த குட்டி பட்டினி கிடப்பது வழக்கம். இரண்டும் குடித்தனவா என்று வயிற்றைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

சீம்பாலைக் காய்ச்சித் திரட்டுப்பால் செய்வது வீட்டாருக்கு விருப்பமான பண்டம்தான். கன்றின் பங்கு போக மீந்ததை மட்டுமே அதற்கு எடுக்கவேண்டும். கன்றுக்குக் கொடுக்கும் சீம்பாலைக் காய்ச்சக் கூடாது. காய்ச்சினால் அது திரிந்து, எதிர்ப்புச் சக்தியும் அழிந்துவிடும். கறந்த சூட்டோடு கொடுப்பதே உத்தமம். தாய் இறந்துவிட்டாலோ மடிநோய் கண்டாலோ, அப்போதுதான் ஈன்ற வேறு பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் மீந்த சீம்பாலைப் பல மாதங்கள் சேமித்து வைக்கலாம். வேண்டியபோது வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். பால் சங்கத்தைச் சேர்ந்த சிலர் கூடி இப்படிச் சேமித்து வைத்தால் ஆபத்துக்கு உதவும்.

நலிந்த கன்றுக்கு முதலுதவி

கன்று மண்ணில் விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியை விரலால் வழித்தெடுக்க வேண்டும். மூச்சு வரத் தாமதித்தால் வைக்கோல் துரும்பை மூக்கின் உள்ளே விட்டுக் கூச்சம் ஏற்படுத்தலாம். தாய் நக்குவது சிறந்த சிகிச்சை. அதோடு உலர்ந்த கோணிச்சாக்கால் முதுகையும் விலாவையும் அழுந்தத் துடைத்தால் இரத்த ஓட்டமும் மூச்சும் சீர்ப்படும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் கன்றை, மார்பு தரையில் படும்படி கால்களை மடக்கி உட்காரவைத்தால் இரு நுரையீரல்களும் விரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிப் பனியிலும் பிறக்கும் குட்டிகள் குளிரிலேயே மடிகின்றன. அடைமழையில் ஒழுகும் கொட்டகையின் ஈரத் தரையில் குட்டி தன் சூட்டைச் சில நிமிடங்களிலேயே இழக்கிறது. உலர்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, காற்று வரும் பக்கம் சாக்குத் தட்டி கட்டவேண்டும். குளிர்ந்த குட்டியை முதலில் துடைத்து உலர்த்தி, சூடேற்றி, பிறகே பால் தரவேண்டும். தலை தூக்க முடியாத குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி உயிரைப் போக்கும். அத்தகைய குட்டிக்குக் குழாய் வழியாகப் பால் செலுத்த மருத்துவரே வேண்டும்.

தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே சுத்தமான பிளேடால் அறுத்து, டிங்சர் அயோடினில் நனைக்கவேண்டும். சாணம் பூசுவதும் மண் தடவுவதும் செப்டிசீமியாவுக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும்.

ஊசியில் எச்சரிக்கை

கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்துகள் ஊசி வடிவில் கிடைக்கின்றன. டெக்சாமெத்தசோன் அவற்றில் ஒன்று. நிறைசினை மாட்டுக்குக் காய்ச்சல், வீக்கம் என்று முறையான படிப்பில்லாதவர்கள் இந்த ஊசியைப் போட்டுவிடுவதுண்டு. மேலே சொன்ன செம்மறி ஆராய்ச்சியை நினைத்துப் பார்த்தால் ஆபத்து விளங்கும். இந்த ஊசி தாயின் உடலுக்கு, “கன்று தயாராகிவிட்டது” என்ற பொய்ச் சேதியைத் தருகிறது. பசு நாள் முந்திக் கன்றை ஈன்றுவிடும். பல நேரங்களில் நஞ்சுக்கொடியும் தங்கிவிடும். ஆகவே மாடு எத்தனை மாதச் சினை என்பதை முதலில் மருத்துவரிடம் சொல்லவேண்டும். கருவூட்டல் செய்த தேதியைச் சுவரிலோ நாட்காட்டியிலோ எழுதிவைப்பது இதற்குத்தான். பசுவுக்குச் சுமார் 280 நாள், எருமைக்கு 310 நாள், ஆட்டுக்கு 150 நாள் என்று எண்ணிக்கொள்ளலாம். நலிந்த கன்றுக்கும் தாமாக ஸ்டீராய்டு ஊசி போடக் கூடாது. அது கிருமியோடு போராடும் சக்தியைக் குறைத்துவிடக்கூடும்.

ஏற்பாடு சினையிலேயே தொடங்கட்டும்

நல்ல கன்றுக்கு வித்து, ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே இடப்படுகிறது. ஈனுவதற்கு 60 நாள் முன்னதாகப் பால் கறப்பதை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் மடி ஓய்ந்து நல்ல சீம்பால் ஊறும். தைராய்டு ஹார்மோன் உண்டாக அயோடின் தேவை. அயோடின் குறைந்த தாய்க்குப் பிறக்கும் குட்டி கழுத்து வீங்கி, சூடு தாங்கும் திறனின்றிப் பிறக்கும். நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையைப் பசுவின் தீவனத்தில் கலந்து கொடுத்தால் இக்குறை நேராது.

இவ்வளவும் செய்தும் கன்று இரண்டு மணிக்குள் எழுந்து குடிக்கவில்லையென்றால், “காலையில் பார்க்கலாம்” என்று இருந்துவிடக் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, 1962 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியையோ உடனே நாடவேண்டும். மருத்துவர் வந்ததும் கன்று எத்தனை மணிக்குப் பிறந்தது, எப்போது எழுந்தது, எவ்வளவு குடித்தது என்ற மூன்றையும் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்தது.

அட்ரினல் சுரப்பியின் வேலையைக் கையால் தொட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் கன்று எழுந்து மடியை முட்டுவதைக் கொட்டகையில் நிற்கும் எவரும் பார்க்க முடியும். கன்று பிறந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். இரண்டாவது வேலையாக, நஞ்சுக்கொடிக்குக் காத்திராமல் சீம்பாலைக் கொடுக்கட்டும். இந்த இரண்டுக்கும் ஒரு காசும் செலவில்லை.